பச்சைப் பட்டை

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நாம் செய்த சின்ன மாதிரி ரயில் இன்ஜினில் உங்கள் பச்சைப் பட்டையின் மேல் என் சிவப்புத் தீந்தை பூசியது நான்தான்.

தண்டவாளமே இல்லாத பல்லேபொல ஊருக்கு நீங்களும் வில்கமுவவுக்கு நானும் கற்பனையில் ரயில் விட்டோம். அந்த இரண்டு கம்பெனிகளையும் இணைத்தபோது, எல்லா இன்ஜினிலும் இரு நிறமும் இருக்கும் என்று கையெழுத்திட்டோம். புகைபோக்கியின் உயரத்தைக் குறைக்க நீங்கள் சம்மதிக்காத கோபத்தில் அதை மீறினேன். மாத்தளைக் கண்காட்சியில் வடிவமைத்தவர் யார் என்று கேட்டவர்களிடம் என் பெயரை மட்டும் சொன்னேன். நீங்கள் பின்னால் நின்றீர்கள்.

"நல்லா இருக்கு மச்சான், உங்க ரயிலு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள்.

நேற்று என் தங்கை ஸரீனா, தன் நானாவான எனக்கு உங்கள் வீட்டிலிருந்து போன் செய்தாள். "நானா, அவரு பச்சைத் தீந்தை டின்ன கோழிக்கூட்டுக்கிட்ட வெச்சிட்டாரு. இனி ரெண்டு ரயிலையும் நீங்களே ஓட்டுங்க."

எழுபது வயதில் எனக்குத் தலை நிமிரவில்லை. புகைபோக்கி உயரம் அதிகம்தான். அதை இன்றும் சொல்வேன். ஆனால் அதில் கை வைக்கமாட்டேன்.

சிவப்பை நான் சுரண்டவேண்டும். கண்காட்சிக்காரர்களிடம் உண்மையை நானே போய்ச் சொல்லவேண்டும். டின்னை ஸரீனா உள்ளே எடுத்து வைக்கவேண்டும். அந்தப் பச்சையைக் கலக்க எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் செய்யவேண்டும்.

வெட்கத்துடன்,
உங்கள் மச்சான்