கார் சாவி என்கிட்டதான் இருக்கு

என் கண்ணுக்கு,

நாங்க இங்க உசிரோட இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். உசிரோடன்னு எழுதினது வாய்ப்பழக்கத்துல வந்தது இல்ல, யோசிச்சுத்தான் எழுதினேன். போன்ல பேசலாம்னா பாதியிலேயே உன் அப்பா வாங்கிக்கிறாரு, நீங்க ரெண்டு பேரும் இஞ்சின் கதை பேச ஆரம்பிச்சா நான் கையைப் பிசைஞ்சிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு. அதான் எழுதறேன். முழுசாப் படி. நடுவுல விட்டுட்டு அப்பாகிட்ட கேட்டுக்கலாம்னு நினைக்காத, வம்பே அங்கதான்.

நீ படிச்சுப் படிச்சுச் சொன்னியேன்னுதான் உன் அப்பா வாடகைக் காரைப் பெட்ரோல்லேருந்து சிஎன்ஜிக்கு, அதான் இந்த இயற்கை கேஸுக்கு, மாத்தினாரு. செலவு குறையும், புகையும் கம்மின்னே. ரெண்டும் நடந்தது, நான் இல்லேன்னு சொல்லல. டிக்கியில சிலிண்டர் உக்காந்துக்கிட்டு ஒரு பை வைக்க இடமில்லாமப் போனதைக்கூட பொறுத்துக்கிட்டேன். ஆனா நீ இன்னொண்ணும் சொன்னியே, இந்த கேஸ் காத்தைவிட லேசு, கசிஞ்சாலும் மேல போயிடும், பயமே இல்லன்னு, அதை மந்திரம் மாதிரிப் பிடிச்சுக்கிட்டாரு மனுஷன். ஏறுற சவாரிக்கெல்லாம் அதே பாட்டு. மேல போகும் சரி, கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசி போட்ட காருக்குள்ள மேலன்னா எதுடா? கூரைதானே? அதுக்கப்புறம் எங்க போகும்? அதை ஏன் சொல்லாம விட்ட?

வாடை முதல்ல வந்தது எனக்குத்தான். அடுப்புலதான் கசியுதுன்னு நினைச்சு ட்யூபை மாத்தி, சிலிண்டர் போடற தம்பியை வாசல்லயே நிக்க வெச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பாவம், தலையைச் சொறிஞ்சிக்கிட்டே போச்சு அந்தப் பிள்ளை. அப்புறம் பார்த்தா சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிக்கிற காருலேருந்து வருது. சொன்னா, உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்ங்கறாரு. சவாரிக்காரங்க முகம் சுளிச்சதும் என்ன பண்ணினாரு தெரியுமா? சென்ட் பாட்டில் வாங்கித் தொங்க விட்டாரு. ஒண்ணு போதாதுன்னு முன்னாடி, பின்னாடின்னு வரிசையா! கசியற இடத்தை அடைக்கத் துப்பில்ல, காருக்கு அலங்காரம். உன் சித்தியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப அவ தலை சுத்தி வாந்தி எடுத்தா, அதுக்கும் சென்ட்தான் காரணமாம். காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறாரில்ல, அதுல எதிர்வீட்டு வாண்டு தினம் கார்ல ஏறினதும் மூக்கைப் பொத்திக்கும். இவரு அது விளையாடுதுன்னு தானும் மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரிப்பாரு. உன்கிட்ட சொன்னேனே, நீ என்ன பண்ணின? அப்பாவைக் கூப்பிட்டு வாடை வருதாப்பான்னு கேட்ட. இல்லையேன்னாரு. அம்மாவுக்குப் பிரமைன்னு ரெண்டு பேரும் சிரிச்சீங்க, எனக்குக் கேட்டுச்சு.

நேத்து அடுப்புல பாலை வெச்சிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கும்போதே தீய்ஞ்ச வாடை படிக்கட்டுக்கு வந்துடுச்சு. ஓடி வந்தா பாத்திரம் கரியாகிக் கிடக்கு, கையெட்டுற தூரத்துல அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உன் அப்பா பேப்பர் படிச்சிட்டிருக்காரு. ஏன் இப்படி ஓடி வரேன்னு என்னைக் கேக்கறாரு! எனக்குப் பொறி தட்டிச்சு. கண்ணை மூடச் சொல்லி ஃபினாயில் மூடியை மூக்குக்கிட்ட நீட்டினேன். நல்லா இழுத்துப் பார்த்துட்டு, காபித்தூளான்னாரு. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தாரே, அன்னியிலேருந்து மூக்குல ஒண்ணுமே ஏறலையாம். வெளியில தெரிஞ்சா வண்டி ஓட்ட விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. மூக்கு செத்துப்போனவரைக் கேட்டியே, மூக்கு இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்டியா?

பாத்திரம் தேய்க்கிற சோப்பை நுரைச்சு, டிக்கியைத் திறந்து, சிலிண்டர்லேருந்து குழாய் கிளம்புற இடத்துல தடவினேன், அடுப்புக்கு எப்பவும் பண்றதுதான். குமிழ் குமிழா கிளம்பிச்சு. அவரும் பார்த்தாரு. பார்த்துட்டும், லேசான கேஸ், மேல போயிடும்னு புள்ள சொல்லியிருக்கான்னு முனகுறாரு. வந்துச்சு பாரு கோபம்! சிலிண்டர் வால்வை இறுக்கி மூடச் சொல்லி, சாவியைப் பிடுங்கிட்டேன். பிள்ளைங்களை வேற வண்டியில அனுப்பச் சொல்லி வீடு வீடாப் போய் நானே சொல்லிட்டு வந்தேன். முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. உக்காரட்டும். நீ இதைப் படிச்ச கையோட அவருக்குப் போன் போடு. நான் பாதிதான் சொன்னேன், தப்பு என் மேலதான்னு சொல்லு. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைச்சுச் சரி பண்ணச் சொல்லு, மூக்கு டாக்டர்கிட்டயும் போகச் சொல்லு. நான் சொன்னா நச்சரிப்பு, நீ சொன்னா வேதவாக்கு. அதுவரைக்கும் சாவி எங்க இருக்குன்னு உனக்கும் சொல்ல மாட்டேன், நீ அவர் கட்சி.

ஒண்ணு மட்டும் ஆறவே மாட்டேங்குது. தினம் சாப்பிட உக்காந்ததும், வாசனை ஆளைத் தூக்குதேம்பாரு. காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு நாள் விடாமச் சொல்லியிருக்காரு, நானும் அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டிருக்கேன். இன்னிக்கு மத்தியானமும் பழக்க தோஷத்துல வாயைத் திறந்தவரு, என்னைப் பார்த்துட்டு மூடிக்கிட்டாரு. எடுத்த கரண்டியை நானும் குழம்புலயே வெச்சிட்டேன்.

நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இரு ராசா. போன் போட மறக்காத. அவர்கிட்ட பேசி முடிச்சதும் போனை என்கிட்ட கொடுக்கச் சொல்லு, வாடை போயிடுச்சான்னு என்னைக் கேளு.

கோபம் இன்னும் தணியாத
உன் அம்மா