மணிக்கயிறு

திருவனந்தபுரம்,
12.8.1974

பேச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

இங்கே சினிமா ஸ்டூடியோவில் எனக்குப் புது வேலை. கோயில் செட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வந்து, "நீ வெறும் கல்லுதானா?" என்று அம்மனைக் கேட்பாள். உடனே மணி தானாக அடிக்கும். அவள் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

நேற்று அந்த நடிகை அழுததைப் பார்த்து இழுக்க மறந்துவிட்டேன். "மணி எவிடெடா?" என்று டைரக்டர் கத்தினார். மறு தடவை சரியாக இழுத்தேன். வேடிக்கையைக் கேளு, நான் இழுப்பது தெரிந்தும் லைட்காரர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அது எப்படி? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கருப்பட்டியும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடு. போர்த்திக்கொள்ளத்தான்.

அடுத்த ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நம்ம பிள்ளை போன அன்றைக்கு நீயும் அம்மனை அப்படித்தான் கேட்டாயாம், அதிலிருந்து கோயிலுக்கே போவதில்லையாம். அம்மா எழுதியிருந்தாள். அம்மன் மேல் கோபப்படாதே, பேச்சி. கயிற்றை இழுக்க வேண்டியவன் அன்றைக்கு அங்கே இல்லை. இங்கே இருந்தேன்.

உன்
இசக்கிமுத்து