இடப்புரி மரை

ஏலப்பாறை, 24 ஜூலை 1934, செவ்வாய்.

கம்பத்தில் என் மனைவி ஞானத்தின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து சொன்னான். மோட்டார் சைக்கிளிலேயே கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். செயின் ஓடும் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

நடுவிலிருந்த நட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன். சூடு காட்டினேன். ஸ்பானரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

நேற்று மதியம் ஞானம் வந்து நின்றாள்.

"தேயிலை லாரி கம்பத்துக்குப் போகுதாம். நான் அதுல போறேன்."

"கொஞ்சம் பொறு. இப்பக் கழண்டுரும்."

"நேத்தும் இதத்தான சொன்னீங்க. எங்க அப்பாவுக்குப் பொறுக்கணுமே."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

இன்று சாயங்காலம் ஃபேக்டரி ஃபிட்டர் சவரிமுத்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஐயா, இது இடப்புரி மரை. இத்தன நாளா நீங்க கழத்தல, இறுக்கிட்டு இருந்திருக்கீங்க."

மறுபக்கம் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். கழன்றுவிட்டது.

புதுச் சக்கரத்தை மாட்டி உதைத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வளைவு வரை ஓட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். திரும்பி வந்து வாசலில் நின்று, "ஞானம், இங்க வந்து கேளு" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது.

கம்பத்திலிருந்து இதுவரை தகவல் இல்லை. விடிந்ததும் கிளம்ப வேண்டும். அவளிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.