வலமாக மட்டுமே திரும்பத் தெரிந்த அண்ணாவுக்கு

சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து இந்த ஊரின் நான்கு பெரிய கோபுரங்களையும் காட்டிய என் சேகர் அண்ணா,

கத்தியோடு ஒருவன் வந்தால் எப்படித் தப்புவது என்று கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. பல்லி விழுந்தால் கூடத்தைவிட்டு ஓடுகிற அதே சுமதிதான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வீட்டுச் செய்தி முதலில். அரிவாள்மனையை அம்மா சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அவரையும் கொத்தவரையும் கையால் ஒடிக்கிறோம். ஒடியாத காயை வாங்குவதில்லை. சாணை பிடிக்கிறவர் தெருவுக்குள் வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் அம்மாவைப் பார்ப்பதில்லை. அவளும் என்னைப் பார்ப்பதில்லை.

உன்னைக் குத்தியவர்கள் இன்னும் பிடிபடவில்லை. அதுதான் பயம். ஒரு முகம் தெரிந்திருந்தால் அந்த ஒரு முகத்துக்கு மட்டும் பயந்துகொண்டு இருந்திருப்பேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் சில்லறை கேட்கிறவன், டீக்கடை பெஞ்சில் பேப்பருக்குப் பின்னால் இருப்பவன், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாய்த்து நிற்பவன், எல்லோருக்கும் அந்த முகம்.

நான் படித்த காலத்தில் மெட்ராஸ் ஹாஸ்டல் அறையில் தோழிகளோடு மரணத்தைப் பற்றி விடிய விடியப் பேசியிருக்கிறேன். எம்.ஏ. படிக்கிறவர்களின் மரணம் அது. அதற்குக் கத்தி பிடிக்கிற கை கிடையாது.

மலைப் பாதையில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அந்த விறகுக்கார அம்மா வீட்டுக்கு வந்தாள் அண்ணா. காரியம் முடிந்த மறுநாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"நான் சொன்னேம்மா," என்றாள். "நிருதி லிங்கம் தாண்டி, புளியமரத்தாண்ட ரெண்டு பேரு நிக்கிறானுங்க, ஒருத்தன் கையில கத்தி இருக்குது, நான் கட்டையப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன், நீயும் திரும்பிடு நைனான்னு சொன்னேன். கேக்கலம்மா. சிரிச்சுது. பாதி மலை சுத்திட்டேன், எடமா எப்படிம்மா போறதுன்னுச்சு. அப்படியே போயிடுச்சு."

மலையை வலப்பக்கம் வைத்து, வலமாகத்தான் சுற்ற வேண்டும். பாதியில் திரும்பக் கூடாது. ரேடியோ ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் மலை சுற்றுகிறவனுக்கு அது தெரியாதா? தெரிந்ததுதான் உன்னைக் கொன்றது. கைக்கடிகாரத்தைக் கேட்டார்களா? கேட்டதும் கொடுத்தாயா? கொடுத்த பிறகும் குத்தினார்களா? விறகுக்கார அம்மாவுக்கு அதெல்லாம் தெரியவில்லை. நீ சிரித்தது மட்டும் தெரிந்திருந்தது.

எனக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஷமீம். எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். என் வயசுதான். மெட்ராஸில் படித்தபோது கராத்தேயும் பழகியிருக்கிறாள். அவள் அப்பா பாய் வியாபாரி. மொட்டைமாடியில் விற்காத கோரைப்பாய்களை விரித்து, சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. நானும் பெரியாஸ்பத்திரி நர்ஸ் வசந்தாவும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாடி.

முதல் நாள் ஷமீம் சொன்னாள்: "கத்தியைப் பிடுங்குறது எப்படின்னு கத்துக்க வந்திருக்கீங்க. அது கடைசிப் பாடம். அதுக்கு வேலையே வராம போவட்டும். மொதல் பாடம், திரும்பி ஓடறது."

"இதுக்கா அரை நாள் லீவு போட்டேன்?" என்றாள் வசந்தா. "ஓடறதுக்கு எனக்குப் பாடம் வேணாம். டியூட்டி டாக்டர் வந்தா தெனம் ஓடறேன்."

"கத்திக்காரன் வந்தா?"

"நானும் ஊசியை எடுப்பேன். எத்தனை ரவுடி ஊசியப் பாத்து மயங்கி விழுந்திருக்கான் தெரியுமா?"

சிரித்தோம். பிறகு ஷமீம் மரஸ்கேல் ஒன்றை எடுத்து அதன் விளிம்பில் ஈரக் குங்குமத்தைத் தடவினாள். இதுதான் கத்தி என்றாள். பட்ட இடம் தெரிய வேண்டுமாம். என் சிரிப்பு நின்றுவிட்டது.

பணம், வாட்ச், எது கேட்டாலும் கொடுத்துவிடு. கையில் கொடுக்காதே. தூரப் போடு. அவன் அதைப் பார்க்கும்போது ஓடு. கத்து. ஓட வழி இல்லையென்றால் பை, குடை, நாற்காலி, எதையாவது நடுவில் கொண்டுவா. அதுவும் இல்லையென்றால் கைகளை முன்னால் வை, மணிக்கட்டின் நரம்பு உன் பக்கம் இருக்கட்டும். வெட்டு விழும். விழுந்த பிறகும் ஓடு.

வெட்டு விழும். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில், வகுப்பில், குளிக்கும்போது, அந்த இரண்டு சொற்கள்.

நான் தப்பாகச் செய்ததைக் கேள். ஷமீம் ஒருமுறை இடப்பக்கமிருந்து வருவாள், ஒருமுறை வலப்பக்கமிருந்து. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓட வேண்டும். நான் எப்போதும் வலமாகத்தான் திரும்பினேன். அவள் வலப்பக்கம் நின்றாலும் வலமாகவே. திரும்பியதும் ஸ்கேல் நேராக என் நெஞ்சில்.

"ஏய், உனக்கு லெஃப்ட்டுன்னு ஒண்ணு கெடையாதா?"

"இவ மலை சுத்தற ஊர்க்காரி, ஷமீம். அவளுக்கு லெஃப்ட்டே இல்ல," என்றாள் வசந்தா.

"நானும் இதே ஊருதான்டி. எனக்கு ரெண்டு பக்கமும் இருக்குதே."

சந்நிதியில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்வோமே, அந்தச் சுற்று. குழந்தையிலிருந்து உடம்பில் ஏறியது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் என் வெள்ளை ஜாக்கெட்டில், நெஞ்சில், சிவப்பு. குனிந்து பார்த்தேன். உனக்கும் இந்த இடத்தில்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று துணி மாற்ற மறந்து வீட்டுக்குப் போனேன். முந்தானை விலகியிருக்க வேண்டும். அம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது உன் பெயர்.

"குங்குமம்மா, குங்குமம், மோந்து பாரு," என்று அவள் கையை இழுத்து என் மேல் வைத்துக்கொண்டே இருந்தேன். மோந்து பார்த்த பிறகும் அவள் உடம்பு அடங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஜாக்கெட்டை வாங்கி ஊறவைத்தாள். மறுநாள் கொடியில் அதை உலர்த்திக்கொண்டே சொன்னாள்:

"அவன் பாதியில விட்டதை நான் சுத்தி முடிச்சுக் குடுக்கணும்டி. தனியா போவ பயம்மா இருந்துச்சு. இப்பதான் நீ பழகறியே. கூட வா."

நான் காவலாம். அண்ணா, நான்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஷமீமிடம் கேட்டேன். "பகல்ல போங்க. சேந்து நடங்க. செருப்பு இல்லாம ஓடிப் பழகிக்க," என்றாள். கொஞ்சம் யோசித்து, "எடது பக்கமும் பழகிக்க," என்றாள்.

சித்திரை வெயில் தணியத் தொடங்கிய நேரம் இரண்டு பேரும் மலை சுற்றக் கிளம்பினோம். வழியில் வரும் லிங்கக் கோயில்களில் எமலிங்கம்வரை ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் குறைந்தார்கள். நிருதி லிங்கத்தில் அம்மா சூடம் ஏற்றினாள். அதைத் தாண்டியதும் நாங்கள் மட்டும். புளியமரங்கள். எந்த மரம் என்று விறகுக்கார அம்மாவிடம் கேட்காமல் விட்டது நல்லதா கெட்டதா தெரியவில்லை. எல்லா மரமும் அதுவாக இருந்தது. அம்மா உதடு அசைய நடந்தாள். நான் மலையைப் பார்க்கவில்லை. மரங்களின் பின்னால் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வலப்பக்கம் ஒரு மரத்தின் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். கையில் நீளமான கத்தி. வெயில் அதில் ஒருமுறை பட்டது.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. என் உடம்பு இடமாகத் திரும்பியது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. சரளைக்கல் காலில் குத்தியது. அம்மா ஓடினாள் அண்ணா. மலையை இடப்பக்கம் வைத்து வாழ்க்கையில் ஓர் அடி நடக்காதவள், புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, வந்த வழியே ஓடினாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "எம்மோவ்! எம்மோவ்! ஏன்மா ஓடறீங்க? நுங்கும்மா! நுங்கு!"

நிருதி லிங்கத்தின் வாசலில்தான் நின்றோம். மூச்சு வாங்கியது. அந்த ஆள் கத்தியைத் தூரத்தில் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி வந்தார். "தெரியாம பண்ணிட்டேம்மா. மன்னிச்சுடுங்க," என்றார். அவர் என்ன பண்ணினார், பாவம். நுங்குக் குலை சீவ மர நிழலில் நின்றவர். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறாகிவிட்டது.

அவர் போன பிறகு, "எடமா ஓடிட்டோமேம்மா," என்றேன்.

அம்மா காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "ஓடினா என்னடி? மலை அங்கயேதான இருக்குது."

பிறகு, பிடுங்கிய முள்ளைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "சின்னதுல மலை சுத்தறப்ப பலூன் பறந்துடுச்சுன்னு பின்னால ஓடினான். காதைப் புடிச்சுத் திருப்பிவுட்டேன். எடமா ஒரு அடி வெக்கக் கூடாது கண்ணான்னேன். அதுக்கப்புறம் அவன் வெக்கவே இல்ல பாரு."

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி எழுந்து சுற்றை முடிக்கலாம் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் எழுந்தாள். புடவையை உதறினாள். மலையை இடப்பக்கமாக வைத்து ஊரை நோக்கித் திரும்பி நின்றாள்.

"வா, வூட்டுக்குப் போலாம்."

உன் சுற்று பாதியில்தான் இருக்கிறது அண்ணா. எங்களை மன்னிப்பாயா? மன்னிப்பாய் என்றே நினைக்கிறேன். திரும்பி வரும் வழியில் அம்மா என் கையை விடவில்லை. பயந்துகொண்டே நடந்தோம். வீடு வந்துவிட்டது.

பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அரிவாள்மனை இன்னும் பரணில்தான் இருக்கிறது. சனிக்கிழமை ஷமீம் வீட்டு மாடிக்குப் போகிறேன். இடமாகத் திரும்புகிறேன், வலமாகத் திரும்புகிறேன், பாதி நேரம் ஸ்கேல் படுகிறது. ஆனால் ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். எந்தப் புண்ணியம் பாதியில் நின்றாலும் சரி, யாராவது திரும்பிவிடு என்று சொன்னால் நான் திரும்பிவிடுவேன். அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடி வருவேன்.

நீ வராத வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட,
உன் தங்கச்சி,
சுமதி