விளக்கிலும் ஹைட்ரஜன்

வலென்சியா, மார்ச் 1

அன்புள்ள எலோய்,

நலம். நீயும் நலமா இருந்து தொலை. போன்ல பேசினா சண்டைதான் வருது, அதான் எழுதுறேன். பிரிஞ்சிருக்கிற பொண்டாட்டியா இல்லை, நீ வேலை பார்க்கிற தொலைநோக்கியில தரவு வாங்கின வானியலாளரா.

நீ எடுத்துக் கொடுத்த அகச்சிவப்பு நிறமாலையில ஹைட்ரஜன் கோடு மேடா எழும்பி நிக்குது! அப்படின்னா, எக்ஸ்-கதிர் கக்குற அந்த நியூட்ரான் நட்சத்திரத்தோட ஜோடியாச் சுத்துற துணை, சூடான நீல நட்சத்திரம்தான். தூசிக்குப் பின்னாடி பன்னெண்டு வருஷமா யார் கண்ணுக்கும் அகப்படாதது. கட்டுரையை அனுப்பிட்டேன். இருபத்தொண்ணாம் தேதி நிரந்தர வேலைக்கு நேர்காணல். இதைக் காட்டித்தான் வாங்கப் போறேன். வயிறெரியாம வாழ்த்து.

நூரியா

லா பால்மா, மார்ச் 8

அன்பு நூரியா,

வாழ்த்தத்தான் உட்கார்ந்தேன், கை வரலை. நம்ம காத்து ஈரம் நிறமாலையில விடுற கறையைக் கழிக்க, பக்கத்து வெள்ளை நட்சத்திரத்தோட நிறமாலையால வகுத்தியே, அந்த மகராசிக்கே ஹைட்ரஜன் கோட்டுல ஒரு பள்ளம் உண்டுடி. அதை முதல்ல நிரப்பினியா? பள்ளத்தால வகுத்தா மேடுதான் வரும். நம்பலைன்னா, கருவியைச் சரிபார்க்க எடுத்த, ஹைட்ரஜன் கோடே இல்லாத விளக்கொளியை அதே நட்சத்திரத்தால வகுத்துப் பாரு.

ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

எலோய்

வலென்சியா, மார்ச் 13

எலோய்,

உனக்குப் பொறாமை. நான் ஜெயிச்சா உனக்குத் தூக்கம் வராது. இனி எழுதாதே.

நூரியா

பி.கு.: பாலாடைக்கட்டி நல்லா இருந்தது.

பி.கு. 2: விளக்கும் ஹைட்ரஜன் கக்குது. நாசமாப் போக.

வலென்சியா, மார்ச் 23

அன்புள்ள எலோய்,

நேர்காணல்ல அஞ்சு பேர் முன்னாடி, "கட்டுரை தப்பு, தப்பு என்னோடது"ன்னு சொல்லிட்டேன். பள்ளத்தை நிரப்பி வகுத்த புதுப் படத்தையும் காட்டினேன். மேடு போன இடம் தெரியலை. ஆனா ஓரத்துல, சூடு குறைஞ்ச நட்சத்திரத்துல மட்டும் தங்குற கார்பன் மோனாக்சைடோட தடம் படிக்கட்டு மாதிரி இறங்குது. நீலமும் இல்லை ஒண்ணும் இல்லை, ஆறிப்போன சிவப்பு ராட்சச நட்சத்திரம்! இப்படி ஒரு ஜோடி ரொம்ப அபூர்வம்டா.

முடிவு இன்னிக்கு வந்தது. வேலையை இன்னொருத்தனுக்குக் கொடுத்துட்டாங்க. நான் அழலை. பொய், பஸ்ஸுல வழி நெடுக அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தாங்க.

கட்டுரையைத் திருத்தி எழுதுறேன். உன் பேரை முதல்ல போட்டிருக்கேன். ஆட்சேபணை இருந்தா நேர்ல வந்து சொல்லு.

உன் நூரியா

லா பால்மா, மார்ச் 29

என் நூரியா,

பலத்த ஆட்சேபணை இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டாச்சு.

எலோய்