ஜலூசி

நவம்பர், செவ்வாய்க்கிழமை இரவு

இவர் படிக்கப் போகிற பிரெஞ்சு வகுப்பில் நளினி என்று ஒருத்தி. வகுப்பு முடிந்ததும் தன் காரில் கொண்டுவந்து இவரை வாசலில் இறக்கிவிடுவதும் அவள்தான்.

இன்றைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் முருங்கைக்காய் வாங்கிவந்து சாம்பார் வைத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டு முடிக்கிறவரை நளினி சொல்லிக்கொடுத்த வார்த்தைதான்.

"பிரெஞ்சில ஜலூசின்னா பொறாமை. ஜன்னல்ல பட்டை பட்டையா மாட்டுற பிளைண்ட்ஸுக்கும் அதே பேராம்! இத்தாலியிலயும் அப்படித்தானாம். பொண்டாட்டியை எவனும் பார்த்துடக் கூடாதுன்னு பொறாமை பிடிச்ச புருஷன் மாட்டினதாம். அவ வெளியே பார்க்கலாம், அவ யாருக்கும் தெரியமாட்டா."

"அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினேன்.

எனக்கு எந்தப் புருஷனும் மாட்டித் தரவில்லை. எங்கள் வீட்டு பிளைண்ட்ஸ் சரோஜினி நகரில் நானே பேரம் பேசி வாங்கியது. கார் சத்தம் கேட்டால் அதற்குப் பின்னால்தான் நிற்கிறேன். இறங்கின பிறகும் இவர் காருக்குள் குனிந்து என்னதான் பேசுவாரோ.

படுக்கப் போகும்போது இவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குன்னேன். நளினிக்கு ஒரே சிரிப்பு."

இவர் சொன்னது பிளைண்ட்ஸையா, என்னையா?