ஆட்சேபணை இல்லை

ஜூன் 9
மூன்று வாரப் பேச்சுவார்த்தைக்குப் பின் கூட்டணி அமைச்சரவை பதவியேற்றது. சட்டத்துறை எங்கள் கட்சிக்கு. ‘எங்கள்’ என்பதற்கு விளக்கம் தேவை: நான் உறுப்பினன் அல்லன், அவர்களுடைய வழக்குகளை நடத்தியவன், அவ்வளவே. மாவட்ட அரசு வழக்கறிஞர் பட்டியலில் என் பெயர் முதலில் இருப்பதாகக் கேள்வி. கேள்விப்பட்டது சாட்சியமாகாது. ஆயினும் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12
அரசு வழக்கறிஞர் அரசை எதிர்த்து வாதாட இயலாது. ஆகவே, அரசுக்கு எதிரான என் பதினொரு வழக்குகளையும் என் முன்னாள் ஜூனியர் சுகன்யாவிடம் ஒப்படைத்து, அவருடைய புதிய வக்காலத்துகளில், வக்கீல் மாற்றத்துக்கு ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திட்டேன்.

“அரசாணை வரட்டுமே சார்?” என்றார். முன்னெச்சரிக்கையின் அவசியத்தை முக்கால் மணி நேரம் விளக்கினேன்.

அகரம் வீரலட்சுமிக்கு மட்டும் விளங்கவில்லை. புறவழிச்சாலைக்காக அவருடைய மல்லிகைத் தோட்டத்தை எடுக்கும் வழக்கு.

“ஆறு வருசமா பாத்துட்டு, இப்ப பாதியில விட்டுட்டுப் போறீகளா?”

பதவி வந்தால் நான் உங்களுக்காக நிற்க இயலாது என்றேன்.

“வந்தாத்தான?” என்றார்.

ஜூன் 16
அமைச்சருக்குப் போர்த்தச் சால்வை வாங்கினேன். “எந்தக் கட்சிக் கரை சார்?” என்றார் கடைக்காரர். கூட்டணி ஆயிற்றே, கரையே இல்லாத வெள்ளை எடுத்தேன். குமாஸ்தா மொக்கைச்சாமி விரித்துப் பார்த்தார். “எழவு வீட்டுக்கா சார்?”

ஜூலை 3
இலாகா மாற்றம். சட்டத்துறை இன்னொரு கட்சிக்கு. எங்களுக்குக் கால்நடை. கால்நடைத் துறைக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டா?

ஜூலை 4
கரை இல்லாத சால்வை வாங்கியது நல்லதாயிற்று.

ஜூலை 25
மறுபடியும் மாற்றம்! சட்டத்துறை இப்போது மூன்றாவது கட்சிக்கு. அக்கட்சிக்கு இம்மாவட்டத்தில் வக்கீலே கிடையாதாம். எனவே வாய்ப்பு — சே, என்ன மனுசன் நான்? கையில் ஒரு வழக்குக் கட்டு இல்லை. “கோர்ட்டுக்கு டீ குடிக்கவா சார் வாரீக?” என்கிறார் மொக்கைச்சாமி.

வீரலட்சுமியின் தோட்டத்தில் இயந்திரம் இறங்கச் சுகன்யா தடை வாங்கிவிட்டார். நீதிமன்றம் மறுத்துவிட்டால் பாதகமாகுமே என்று ஆறு ஆண்டுகள் நான் கேட்காமலே இருந்த தடை.

ஆகஸ்ட் 18
அரசாணை வந்தது. சுகன்யாவுக்கு.

கட்சி சாராத, அதிக வழக்குகள் நடத்தும் வக்கீல் யார் என்று விசாரித்தார்களாம். அவருடைய வழக்குகளில் பதினொன்று என்னுடையவை.

மாலையில் அவரே கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். “இனிமே நான் இதுல நிக்க முடியாதுல்ல சார். நீங்கதான சொன்னீங்க.” ஒவ்வொன்றிலும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதியிருந்தார், அரசாணை வந்த பிறகு. அந்த வெள்ளைச் சால்வையை அவருக்கே போர்த்தினேன். மொக்கைச்சாமி டீ வாங்கப் போனார். பேருதவி.

ஆகஸ்ட் 19
வீரலட்சுமி வந்தார். புதிய வக்காலத்தை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டார், கையெழுத்திடவில்லை.

“அந்தப் பொண்ணு ஒரு மாசத்துல வாங்குன தடைய நீங்க ஏன் கேக்கல?”

“பயம்” என்றேன்.

“மறுபடி மந்திரிய மாத்துனா?”

“போகமாட்டேன்.”

‘ஆயினும்’, ‘ஒருவேளை’ எதையும் சேர்க்கவில்லை. அவர் கையெழுத்திட்டார்.